டிவிடியில் ‘பார்க்கலாம்’ என்றது யார்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வரவேண்டியதே இல்லை. கணினி மாத இதழ் ஒன்றில் ‘நீங்களே செய்யலாம்’ என்று ஒரு பக்கம் வருகிறது. அதை எழுதுவது நான். பழைய டிவிடியில் இருக்கும் காட்சியை, ஒலி கெடாமல், எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவருவது எப்படி என்று எழுதித் தரச் சொன்னார் இதழாசிரியர். “எளிமையா இருக்கட்டும் சார். வாசகர் குழம்பக் கூடாது” என்றார். வாசகர் மேல் அவருக்கு இருந்த கரிசனத்தில் கால்வாசி என் மேல் இருந்திருந்தால் இந்த வேலையையே கொடுத்திருக்க மாட்டார்.

எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

டிவிடியில் படமும் ஒலியும் ஒரே வீட்டில் குடியிருக்கும் கணவன் மனைவியைப் போல—

அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்த வாரம் என் அக்கா தன் கணவனோடு ஒரே வீட்டில் குடியிருக்கவில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். பகலில் அந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், அதே பையோடு தங்கச்சியின் எடிட்டிங் கடைக்கும் வந்து உட்கார்ந்துகொள்வாள். பையை ஏன் கூடவே தூக்கி வருகிறாள் என்று கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

[அடிக்குறிப்பு: கதையை முதலில் படித்தவள் தங்கச்சி. ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: “எனக்குத் தைரியம் இருந்துச்சு. கேட்டேன். ‘உள்ள பல் தேய்க்கிற பிரஷ் இருக்கு’ன்னா. நீ அப்ப டீ வாங்கப் போயிருந்த.”]

2

வேறு தொடக்கங்களும் முயன்றேன்.

மழை பெய்துகொண்டிருந்தது— (பெய்யவில்லை.)

ஒரு சொல் ஒரு குடும்பத்தைப் பிரிக்குமா?— (இது பட்டிமன்றத் தலைப்பு.)

‘பார்க்கலாம்’ என்றார் அத்தான்.

இது பரவாயில்லை. சண்டை ஆரம்பித்ததும் இங்கேதான்.

அக்கா நர்ஸ். அத்தான் ஏசி மெக்கானிக். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் வார்டில் ஓடிய அக்காவுக்கு வேறு ஊரில், பெரிய மருத்துவமனை ஒன்றில், தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். அக்கா கேட்டாள், “நீங்களும் வர்றீங்களா?” அத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “பார்க்கலாம்.”

தமிழில் இதைவிட வழுக்கலான சொல் இருக்கிறதா, தெரியவில்லை. வேலை கேட்டுப் போனால் பார்க்கலாம். கதை அனுப்பினால் பார்க்கலாம். ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா என்று கேட்டால் டாக்டரும் பார்க்கலாம். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், சொன்னவர் கையில் எதுவும் ஒட்டாமல், கேட்டவர் தலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகிற சொல்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கல்யாணத்தன்னைக்கும் இதத்தான சொன்னீங்க!”

“நானா? சொன்னது நீ.”

“நானா?”

“டிவிடியில இருக்குல்ல? நீதான்.”

இந்த டிவிடி எங்கள் குடும்பத்தில் பழைய வழக்கு. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, வாடகைக்கு எடுத்த அறையில் நண்பர்களுக்குச் சாப்பாடு. மைக் பிடித்த நண்பர் ஒருவர், “கடைசி வரைக்கும் ஒண்ணா இருப்பீங்களா?” என்று இருவரையும் பார்த்துக் கேட்கிறார். கைதட்டல். கைதட்டலுக்கு நடுவில் தெளிவாக ஒரு குரல்: “பார்க்கலாம்.” திரையில் அப்போது இரண்டு பேரும் இருப்பார்கள். இரண்டு வாயும் அசையும். அது அத்தான் குரல் என்பாள் அக்கா. “அன்னைக்கு உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, ஆம்பளைக் குரல்லதான் பேசிக்கிட்டிருந்த” என்பார் அத்தான். விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். பிறகு டிவிடி பிளேயர் பழுதாகி, வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

அதுவரை அது விளையாட்டு. இந்த வாரம் விளையாட்டாக இல்லை.

3

இனி இடம். தங்கச்சியின் கடை ஒரு தையல் கடைக்கு மேலே. படியேறும்போதே கீழே மெஷின் ஓடுவது காலில் தெரியும். உள்ளே இரண்டு திரை, ஒரு சுழல் நாற்காலி, சுழலாத நாற்காலி இரண்டு. மூலையில் குரல் பதிவு செய்ய ஒரு கண்ணாடிக் கதவு அறை. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தினால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அந்த அறைக்கு ஏசி போட்டுக் கொடுத்தது அத்தான்தான். அது முனகும். எப்போது குரல் பதிவு செய்தாலும் முதலில் அதை அணைக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் அத்தான் டிவிடியோடு படியேறி வந்தார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

“ஆதாரம் கொண்டாந்திருக்கேன்” என்றார் அத்தான், பொதுவாக, எல்லோரிடமும்.

“கொண்டாங்க, பார்க்க—” என்று தொடங்கிய தங்கச்சி, வாயை மூடிக்கொண்டு, “கொண்டாங்க” என்றாள்.

(அத்தானைப் பற்றி ஒரு சந்தேகம். இதுவரை எழுதியதில் அவர் ஆள் கொஞ்சம் மட்டமாகத் தெரிகிறார். நான் அக்காவின் தம்பி. என் கை அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் அக்காவின் இரவு ஷிஃப்ட் முடியும் விடியற்காலைகளில் மருத்துவமனை வாசலில் ஸ்கூட்டரோடு நிற்காத நாளில்லை அவர். அன்று படியில் என்னை நிறுத்தி ஒன்று சொன்னார். “மாப்ள, இங்க நான் ஏசிக்காரர். தெருவுல யாரு வீட்டுல சூடுன்னாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க. அங்க போனா நான் யாரு? நர்ஸம்மா வீட்டுக்காரர். இந்த வயசுல எவன் கடையிலயாவது ஏணி பிடிக்கவா?” எனக்குக் கதை எழுதத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது.)

தங்கச்சி டிவிடியைச் செருகினாள். உள்ளே பெரிய பெரிய துண்டுகளாக ஐந்தாறு கோப்புகள். எல்லாவற்றையும் இழுத்து மென்பொருளில் போட்டாள். படம் வந்தது. அக்கா, தலை நிறைய முடியோடு. அத்தான், மீசை இல்லாமல்.

ஒலி வரவில்லை.

4

(இந்தப் பகுதியில் படம் மட்டும் ஓடுகிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய என் அக்கா எதற்கோ சிரிக்கிறாள். இந்த அக்கா அதை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அத்தான் அவள் பார்ப்பதைப் பார்க்கிறார். வாசகர் தன் பெட்டியில் ஒலியைக் கூட்டிப் பயனில்லை.)

5

“ஒலி ஏசி-த்ரீயில இருக்கு. அதான் பிரச்சனை” என்றாள் தங்கச்சி.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏசியா? என்கிட்ட முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? கேஸ் இறங்கியிருக்கும்.”

“அத்தான், இது அந்த ஏசி இல்ல. டிவிடியில ஒலியைச் சுருக்கி வைக்கிற முறைக்குப் பேரு அது. இந்த மென்பொருளுக்கு அதைப் பிரிக்கத் தெரியல.”

“அந்த ஏசி இல்லையா?” என்றார் அத்தான், ஏமாற்றத்துடன். தன் தொழிலில் இன்னொரு தடவையாவது இந்தக் குடும்பம் தன்னிடம் கை நீட்டும் என்று நினைத்திருப்பார் போல. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

[அடிக்குறிப்பு: தங்கச்சி எழுதியது: “சிரிச்சா.”]

தங்கச்சி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினாள். இந்தத் தடவை ஒலி வந்தது. ஆரம்பத்தில் உதடும் சொல்லும் பொருந்தின. போகப் போக, ஒவ்வொரு ஒட்டிலும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது. மைக் நண்பர் வாயை மூடிய பிறகு அவர் கேள்வி வந்தது. கேமரா அக்காவின் முகத்திலிருந்து மெல்ல நகர்ந்து, இருவரையும் காட்டி, அத்தானிடம் போய் நின்றது. அவர் வாய் அசைந்தது. “பார்க்கலாம்.”

“பாத்தியா!” என்று எழுந்தே விட்டாள் அக்கா. பை கீழே விழுந்தது. “பாத்தியாடா தம்பி, உங்க அத்தான!”

“இரு அக்கா, ஒலி லேட்டா வருது” என்ற தங்கச்சி, ஒலியைக் கையால் பிடித்து முன்னால் இழுத்தாள். கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டாள். இப்போது கேமரா அக்காவின் முகத்தில் இருக்கும்போதே சொல் வந்து விழுந்தது. அக்காவின் வாயிலிருந்து, ஆம்பளைக் குரலில், “பார்க்கலாம்.”

“தொண்டை கட்டியிருந்துச்சுன்னு சொன்னேன்ல?” என்றார் அத்தான்.

நான் நிறுத்தச் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. சுட்டியை அரை விரல் இந்தப் பக்கம் இழுத்தால் அக்கா குற்றவாளி, அந்தப் பக்கம் இழுத்தால் அத்தான் குற்றவாளி. நானும் இந்த வேலையைத்தான் செய்து வயிறு வளர்க்கிறேன். ஒரு வாக்கியத்தை முன்னால் வைத்தால் ஒருவர் நல்லவர், பின்னால் வைத்தால் இன்னொருவர். ஆனால் என் கதாபாத்திரங்கள் எவரும் பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில்லை.

6

(இதழாசிரியருக்காக, எளிமையாக: டிவிடியின் துண்டுகளைத் தனித்தனியாக இழுத்துப் போடாதீர்கள். அவை துண்டுகள் போலத் தெரியும். உண்மையில் ஒரே ஓட்டம். முதலில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேருங்கள். பிறகு ஒலியைச் சுருக்கமில்லாத வடிவத்துக்கு, வேகத்தைத் தொடாமல், தனியே மாற்றுங்கள். பிறகு படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் தொடங்க வைத்து உள்ளே கொண்டுவாருங்கள். அவசரப்பட்டுக் கையால் இழுக்காதீர்கள். கட்டுரை இவ்வளவுதான். அச்சுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.)

தங்கச்சி அதைத்தான் செய்தாள், திட்டிக்கொண்டே. கணினி மாற்றி முடிக்கும்வரை நாங்கள் நாலு பேரும் ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. அத்தான் கீழே கிடந்த பையை எடுத்து, தூசி தட்டி, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இந்தத் தடவை உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டு போயின. கேள்வி வந்தது. கைதட்டல். கேமரா இருவரையும் காட்டும் இடம். இரண்டு வாயும் அசைந்தன. “பார்க்கலாம்.”

“பழைய கதைதான்” என்றேன்.

தங்கச்சி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஒலியை அடைத்துவிட்டு வெறும் படத்தை ஓட்டினாள். அப்புறம் எங்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

“எல்லாரும் ‘பார்க்கலாம்’னு சொல்லுங்க.”

“எதுக்கு?”

“சொல்லுங்க. உதட்ட கவனிச்சிக்கிட்டே.”

பெரியவர்கள் மூன்று பேர் ஒரு மதியவேளையில் வரிசையாக உட்கார்ந்து ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று சொன்னோம். நீங்களும் சொல்லிப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் மனசுக்குள் சொல்லக் கூடாது; உதடு அசைய வேண்டும். ‘பா’வுக்கு உதடு ஒட்டும். ‘ம்’முக்கு மறுபடி ஒட்டும். ஒட்டாமல் சொல்லவே முடியாது.

“இப்ப பாருங்க” என்று படத்தை மெதுவாக ஓட்டினாள். “அக்கா உதடு ஒட்டவே இல்ல. அத்தான் உதடும் ஒட்டல. நீங்க ரெண்டு பேருமே இதச் சொல்லல.”

“அப்ப ‘ஆமாம்’னு சொன்னேன்” என்றாள் அக்கா.

“‘ஆமாம்’ல ‘மா’ இருக்கு. ஒட்டணும்.”

“நான் ‘இருப்போம்’னு சொன்னேன்” என்றார் அத்தான் அவசரமாக.

“அதுலயும் ஒட்டணும், அத்தான்.”

“அப்போ என்னதான் சொன்னோம்?”

“ஒண்ணும் சொல்லல. சிரிச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்து வாயத் திறந்து சிரிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.”

திரையில் அது நின்றிருந்தது. இத்தனை வருஷம் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததால் யாரும் அந்த முகங்களைப் பார்த்ததே இல்லை. அவ்வளவு சந்தோஷமான முகங்கள். 

“அப்ப அந்தக் குரல்?” என்றேன்.

தங்கச்சி ஒலியை இரண்டாகப் பிரித்தாள். இடது பக்கத்தில் நண்பர் பிடித்த மைக், அந்த இடத்தில் வெறும் கைதட்டல். வலது பக்கத்தில் கேமராவிலேயே இருந்த சின்ன மைக். அதைத் தனியாகக் கூட்டினாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து, யாரோ கிசுகிசுப்பாக:

“அண்ணே, சாப்பிடப் போலாமா?”

கேமராக்காரர், கண்ணை எடுக்காமல்:

“பார்க்கலாம்.”

7

இங்கே கதையை முடித்திருக்கலாம். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தையல்காரர் கீழேயிருந்து, “என்ன ஆச்சு?” என்று குரல் கொடுக்கும் அளவுக்குச் சிரித்தோம். பசியோடு நின்ற ஒரு மனிதனுக்குக் கேமராக்காரர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன பதிலை வைத்து ஒரு குடும்பம் இத்தனை காலம் வழக்காடியிருக்கிறது.

ஆனால் முதலில் சிரிப்பை நிறுத்தியது அக்காதான்.

“அப்போ அந்தக் கேள்விக்கு இன்னும் யாருமே பதில் சொல்லல” என்றாள்.

அத்தான் மீசையைத் தடவிக்கொண்டார். இப்போது அவருக்குப் பெரிய மீசை. மேலுதடு இருக்கும் இடமே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா எழுந்து கண்ணாடி அறைக்குள் போனாள். அத்தானைப் பார்த்தாள். அத்தான் போனார். “நீயும் வா, சாட்சிக்கு” என்று தங்கச்சியையும் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

[அடிக்குறிப்பு: தங்கச்சி எழுதியது: “கூப்பிட்டா நீ எழுதிடுவேன்னு சொன்னா.”]

கதவு சாத்திக்கொண்டது. இனி நான் எழுதுவதில் படம் மட்டும்தான் இருக்கும்.

முடிவு அ: அத்தான் கடையைப் பூட்டிவிட்டு அக்காவோடு போகிறார். புது ஊரின் முதல் வெயிலிலேயே, தெருவில் எல்லோரும் அவரைத் தேடி வருகிறார்கள்— (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: அக்கா தனியாகப் போகிறாள். மாதம் ஒரு முறை அத்தான் பஸ் ஏறுகிறார். இருவரும் இப்போதுதான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள்— (இலக்கியம் அதிகம்.)

முடிவு இ: அக்கா போகவில்லை. (இதை எழுத என் கை வரவில்லை. எழுத மாட்டேன். மன்னிக்கவும்.)

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உள்ளே போனதும் அத்தான் கை நீட்டி, தானே மாட்டிய ஏசியை அணைத்தார். அதன் பச்சை விளக்கு போனது. அக்கா நேராக நின்று கேட்டாள். ‘வர்றீங்களா’ என்று அவள் வாயிலிருந்து படித்தேன். அதில் உதடு எங்கேயும் சேராது, தெளிவாகத் தெரிந்தது.

அந்த அறையில் சீக்கிரம் வியர்க்கும். அத்தான் நெற்றியைத் துடைத்தார். பிறகு சொன்னார். ஒரே சொல். நான் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். உதடு ஒட்டித் திறந்தது. கடைசியில் மறுபடி ஒட்டியது.

‘ப’வில் தொடங்கி ‘ம்’மில் முடிகிற சொல்.

அப்படித் தொடங்கி அப்படி முடிகிற சொற்கள் அந்த இடத்தில் இரண்டுதான் பொருந்தும். ஒன்று உங்களுக்குத் தெரியும், இந்தக் கதையே அதனால்தான். இன்னொன்று, பசியோடு நின்றவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டாரே, அந்தச் சொல்தான், கேள்வியை எடுத்துவிட்டு: ‘போலாம்.’ முதலாவதில் வாய் அகலத் திறக்கும். இரண்டாவதில் உதடு குவியும். மீசை இல்லாத முகத்தில் ஒரு குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாயைத் திறந்து—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவள் அழுதிருந்தாலும் வாய் அப்படித்தான் திறந்திருக்கும்.)

கதவு திறந்தது. வெக்கை வெளியே வந்தது. அக்கா என்னைக் கடந்து படியிறங்கினாள். அத்தான் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “வர்றேன் மாப்ள” என்றார். என்னிடம் விடைபெற்றாரா, உள்ளே சொன்ன பதிலைத்தான் வேறு சொல்லில் சொன்னாரா, கேட்க வாய் வருவதற்குள் அவரும் இறங்கிவிட்டார்.

தங்கச்சி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல் அன்றைய வேலையைத் திறந்தாள்.

“என்ன சொன்னாரு?” என்றேன்.

“ஏன் அண்ணா, உனக்கு ஆடியோ வரலையா?”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கதையின் கடைசிப் பக்க ஓரத்தை மட்டும் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே படத்தை உங்களிடம் கொடுக்கிறேன். ஒலி உங்களுடையது. கண்ணாடி முன்னால் நின்று, நீங்கள் நேசிக்கிற ஒருவர் ‘வர்றீங்களா’ என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உதட்டைச் சேருங்கள். இனித் திறந்து சொல்லுங்கள்.